‘பிடி’ என்றால் என்ன?

“கையைத் தூக்கு” என்றேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் தூக்கினார்கள். என் வலக்கை மட்டும் தொடையருகே தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் இடப்பக்கம் கோணிக்கொண்டது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தேன். வயது நாற்பது ஆகவில்லை. பக்கவாதம் (மூளையில் ஓரிடத்துக்கு இரத்தம் போவது தடைபட்டு, உடலின் மறுபக்கம் செயலிழப்பது) கிழவர்களுக்கு வருவது என்றே நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலக்காலை இழுத்து இழுத்து நடந்தேன். கை அசையவில்லை. குழறினாலும் பேச்சு வந்தது. கேட்பதெல்லாம் எனக்குப் புரிகிறது என்றே நானும் என் மனைவி தங்கமும் நம்பினோம்.

மழை தொடங்கியதும் கூரை ஓடு ஒன்று விலகி வீடு ஒழுகியது. தங்கம் ஏணி வைத்து ஏறினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈரத்தில் ஏணியின் கால் வழுக்கியது.

“ஏணியப் பிடியுங்கோ!”

ஏணி என்றது விளங்கியது. ஏணியைப் பார்த்தேன். அடுத்த சொல், எங்கோ கேட்டுப் பழகிய ஓசையாக மட்டும் வந்து நின்றது. நல்ல கையான இடக்கை சும்மாதான் இருந்தது. அதை என்ன செய்ய வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள் அவள் விழுந்துவிட்டாள்.

மணிக்கட்டு முறிந்துபோனது. அதைவிட அவளுக்கு வலித்தது வேறொன்று.

“கேட்டுட்டும் சும்மா நின்னேளே. நான் விழட்டும்னா?”

“ஏணின்னு கேட்டுது. மத்தது என்னன்னு தெரியல்ல.”

அவள் நம்பவில்லை. எனக்கே அது சாக்குப்போலத்தான் ஒலித்தது.

அவளுக்குக் கட்டுப் போட்ட டாக்டரிடமே சொன்னோம். அவர் சீப்பு, கத்தரிக்கோல், பூட்டு என்று மேசையில் வைத்துப் பெயர் சொன்னார். ஒவ்வொன்றையும் சரியாகத் தொட்டேன். பிறகு கிள்ளுவது, பிழிவது, எறிவது ஆகியவற்றைப் பெயர் சொல்லாமல் தம் கையாலேயே செய்துகாட்டினார்.

“இதில பிழியது எது, சாரே?”

எறிவதுபோல் இடக்கையை வீசிக் காட்டினேன். நான் சொன்னது சாக்கு இல்லை என்று தங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது; முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நட, உதை, தாண்டு ஆகியவற்றில் நான் தடுமாறவில்லை.

“கால் கொஞ்சம் தேறியிருக்கு. கால் செய்யுத காரியத்துக்கான சொல்லும் தேறியிருக்கு,” என்றார் டாக்டர். “கையை அசைக்க மூளையில ஒரு இடம் உண்டு. கைவேலையச் சொல்லுத சொல்லு விளங்கதுக்கும் அது ஒத்தாசை செய்யும்போல. அது மட்டுமேன்னு இல்ல, வேற இடங்களும் சேரணும். எனக்கும் நிச்சயமாத் தெரியாது.”

அப்படி ஒரு தொடர்பு உண்டு என்று ஆராய்கிறவர்களும் பேசுவதாகப் பல ஆண்டுகள் கழித்துக் கேள்விப்பட்டேன். எவ்வளவு என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடாம்.

இந்த நோய் வந்தவர்களைக் கவனிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேட்டும் செய்யாமல் நிற்பவரை உடனே பிடிவாதக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். சொல் அவர் காதோடு நின்றுபோயிருக்கலாம்.

தங்கம் தன் நல்ல கையால் என் வலக்கை விரல்களை ஈரத் துண்டின்மேல் மடக்கி, “பிழி, பிழி” என்று சொல்லிக்கொண்டே முறுக்குவாள். இரண்டு பேருக்குமாகச் சேர்ந்து ஓர் ஆள் வேலைதான் நடந்தது. வாரக்கணக்கில் பலன் இல்லை. ஒரு தடவை துண்டை என் மடியில் எறிந்துவிட்டு அழுதாள்.

அவள் கட்டு அவிழ்த்த பிறகு ஒரு காலையில், அடுக்களையில் அவள் தனக்குத்தானே, “தேங்காப்பாலு பிழியணும்” என்பது கேட்டது. என் வலக்கை விரல்கள் லேசாக மடங்கின. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கூப்பிட்டேன்.

“வெளங்கிச்சா?”

“வெளங்கிச்சு.”

துருவிய தேங்காய் அப்படியே கிடக்க, என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று கறி வைக்க வெகுநேரம் ஆயிற்று.

எல்லாச் சொற்களும் திரும்பவில்லை. டிரில் வேறொருவருக்குப் போனது. எனக்குச் சிறுவகுப்பில் பூகோளம் கொடுத்தார்கள். தங்கத்தின் மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே கூடியது.

கோட்டாறு சந்தையில் மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இப்போதும் நிற்பதுண்டு. “தாங்கிக்க மக்கா!” என்று ஒருவன் கத்துவான். முதலில் என் வலத் தோள் இறுகும். பொருள் பிறகுதான் வந்து சேரும். அதற்குள் அவர்கள் அடுத்த மூட்டைக்குப் போயிருப்பார்கள். நான் இன்னும் முந்தின மூட்டைக்கு அடியிலேயே நின்றுகொண்டிருப்பேன்.