வரைபடத்தில் விடுபட்ட அரை நொடி

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், ட்ரோன் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாண வீட்டில் படம் எடுக்கும் ட்ரோன் இல்லை. ஐம்பது கிலோ சுமையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது. நான்கு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார். அந்த மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்று தீர்மானித்து பேட்டரி மின்சாரத்தை அளந்துவிடும் சர்க்யூட்டை ஈஎஸ்சி என்போம். உள்ளங்கை அகலம்தான், ஒவ்வொரு கைக்குள்ளும் ஒன்று இருக்கும். நான்கில் ஒன்று செத்தாலும் ட்ரோன் தலைகுப்புற விழும். அதைச் சோதிப்பது என் பொறுப்பு.

கம்பெனியை நடத்தியவர் எனக்குக் கல்லூரியில் சீனியர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலந்துவரும். குண்டலுபேட்டைப் பக்கம் மலைமேல் செல்போன் கோபுரம் கட்டுகிறவர்கள், சிமெண்ட் மூட்டையை ட்ரோன் தூக்குமா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். கழற்றி மாட்டச் சுலபம் என்று பேட்டரியை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தோம். கம்பி இரண்டடி நீண்டுவிட்டது. கம்பி நீண்டால் மின்னழுத்தம் அடிக்கடி எகிறும். அதைத் தாங்க ஈஎஸ்சி பக்கத்தில் கூடுதலாகக் கெப்பாசிட்டர் வைக்கவேண்டும். மேஜைமேல் முழுச் சுமையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது, அப்படியே விட்டால் வெடிக்கும்.

சீனியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஒரு நாள் கொடுங்க சார். நாலு கையையும் பிரிச்சு, கூடுதல் கெப்பாசிட்டர் வெச்சுட்டு மூடிடறேன்."

"நாளைக்கு டெமோ. இப்பப் பிரிச்சா வாட்டர்ப்ரூஃப் சீல் எல்லாம் போயிடும். நோடு, பத்து நிமிஷம் ஓடுது இல்ல? டெமோவே அஞ்சு நிமிஷம்தான். ஆமேலே பாத்துக்கலாம். சும்னே பயப்படாதே."

கெப்பாசிட்டர் போதாது என்று சீனியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்தேன். எழுதியதும் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

பைலட் கொள்ளேகால்காரர். முன்பு வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டியவர், நாற்பது வயதிருக்கும். மறுநாள் மலையடிவாரத்தில் சிமெண்ட் மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"எல்லாஞ் சரிங்களா மேடம்? கிளப்பலாமுங்களா?"

சீனியர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலில் கோபுரம் கட்டுகிறவர்கள் விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"சரிதாங்க" என்றேன்.

முதல் மூட்டை மேலே போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொன்று, கொஞ்சம் கனமாக, என்று யாரோ கேட்டார்கள். சீனியர் தலையாட்டினார். பேட்டரி ஆறவில்லை, ஈஎஸ்சி ஆறவில்லை. இரண்டாவது மூட்டை தென்னைமர உயரத்துக்குப் போனபோது முன்பக்க இடது மோட்டார் நின்றது. ஒரு சின்ன வெடிச்சத்தம், அவ்வளவுதான். ட்ரோன் ஒருபக்கம் சாய்ந்து, சுழன்று, மூட்டையோடு தரையில் மோதியது. இறக்கைத் துண்டு ஒன்று பறந்துவந்து, ரிமோட்டைப் பிடித்திருந்த பைலட்டின் வலது கையைக் கிழித்தது. சிமெண்ட் தூசி அடங்கியபோது அவர் மண்டியிட்டுக் கட்டைவிரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். நரம்பு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்த விரல் மடங்கவில்லை. ட்ரோன் ஓட்டுவதே இரண்டு கட்டைவிரல்களால்தான்.

ட்ரோனின் உடைந்த கையைப் பிரித்தபோதே எனக்குக் காரணம் தெரிந்தது. ஈஎஸ்சியின் நடுவில் கருகிய ஓட்டை.

பறக்கும்போது நடப்பதையெல்லாம் ட்ரோன் பதிவு செய்துகொள்ளும். மோட்டார் நின்று அரை நொடி கழித்துத்தான் பைலட் வேகத்தை உச்சத்துக்குத் தள்ளியிருந்தார். விழுகிற வண்டியை யாராக இருந்தாலும் அப்படித்தான் தூக்கப் பார்ப்பார்கள்.

"அந்த அரை நொடி வேண்டாம்" என்றார் சீனியர். "கிராஃப்பை இவன் த்ராட்டில் தள்ற இடத்துலேருந்து ஆரம்பி. பொய் இல்லையே. பதிவானதுதானே?"

உண்மை வெளியே வந்தால் முப்பது பேர் வேலை போகும் என்றார். என் பெயரும் அதில் இருக்கும் என்று அவர் சொல்லத் தேவைப்படவில்லை. வரைபடத்தை வெட்டினேன். 'இயக்குபவர் திடீரென வேகம் கூட்டியதால் ஈஎஸ்சி பழுதானது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

கட்டுப் பிரிக்காத கையோடு பைலட் அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் மேஜைக்குத்தான் வந்தார்.

"ரிப்போர்ட் நீங்கதான் எழுதுனீங்கன்னாங்க. என் தப்புத்தானுங்களா மேடம்?"

"பதிவுல அப்படித்தாங்க இருக்கு."

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். பிறகு சீனியரின் அறைக்குப் போய், கம்பெனிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தேன்.

அடுத்த மாதமே மற்ற ட்ரோன்களின் கைகளையெல்லாம் பிரித்துக் கூடுதல் கெப்பாசிட்டர் வைத்தோம். புதிய மாடலின் சிறப்பம்சம் என்று விளம்பரத் தாளில் போட்டார்கள். வடிவமைப்புக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள்.

ஒரு வருடம் அதோடு இருந்தேன். பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெட்டாத வரைபடத்தையும் என் பழைய மின்னஞ்சலையும் பைலட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். பின்னால் பேருந்துச் சத்தம். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் ஒரு பார்சல் ஆபீஸில் இருக்கிறாராம்.

"புகார் கொடுங்க. நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றேன்.

"அன்னிக்குக் கேட்டப்பச் சொல்லியிருக்கலாமுங்களே."

சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

"ஒரு வருசமா இந்தக் கையத் திட்டிக்கிட்டு இருந்தனுங்க. எம் பொண்டாட்டி மட்டும், உன் தப்பா இருக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அவளையும் போடின்னு திட்டிப்போட்டேன். இத அவகிட்டக் காட்டறனுங்க. புகாரெல்லாம் வேண்டாம். நீங்க இனிமேக் கூப்பிடாதீங்க."

வைத்துவிட்டார். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. அவர் புகார் கொடுக்காவிட்டால் நானே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். ஈஎஸ்சி பழுதாகி ஒரு ட்ரோனும் அதற்குப் பிறகு விழவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் சீனியர் என்னை அறிமுகப்படுத்தும்போது, இவங்க கையெழுத்துப் போட்டா நம்பிப் பறக்கவிடலாம் என்கிறார்.