விருந்தாளிக்காகப் பெருக்கிய கொல்லை

போகிற வீட்டில் கொடுக்கும் காப்பிக் குவளையைக் கையில் வாங்கிக்கொள்வாள், குடிக்க மாட்டாள். வேலிக்கம்பின் தலையில் அதை உட்கார்த்தி, வாழையிலைக் கிழிசலால் மூடிவிட்டு நேரே கொல்லைக்குப் போய்விடுவாள் ஹெர்லிந்தா. அங்கே குந்தி, காய்ந்த சோளத்தட்டைக்கும் சருகுக்கும் அடியில் மணிக்கட்டு வரை கையை நுழைப்பாள். ஈரம் தட்டுப்பட்டால் திரும்பி வந்து காப்பி. இல்லாவிட்டால் ஏச்சு. லெம்பீரா மலைகளில் காப்பியை மறுப்பது வீட்டாரையே மறுப்பது மாதிரி. ஆனாலும் இவளிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "அந்தக்காவுக்கு மொதல்ல மண்ணு, அப்பறந்தான் மனுசன்" என்று விட்டுவிடுவார்கள்.

சிறு விவசாயிகள் சங்கம் அவளை ஊர் ஊராக அனுப்புகிறது. அந்த ஊர்க்காரர்களைப் போல அவளுக்கும் ஒரு சரிவு நிலம்தான் சொத்து. உழவுமாடு நிற்க முடியாத சரிவு. கொல்லையிலிருந்து விழுந்து கால் ஒடித்துக்கொண்டவர்கள் இங்கே உண்டு. கொளுத்தாதே, மரத்தை வெட்டாமல் கிளையை மட்டும் கழி, கழித்ததைத் தரையில் பரப்பு, அதன் ஊடே குச்சியால் குத்தி விதை போடு. இவ்வளவுதான் அவள் சொல்வது. "மண்ணை அம்மணமா நிறுத்தாதீங்க. மழையைக் கண்டா கூச்சப்பட்டு ஓடிப்போயிடும்" என்பாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இத்தனை சொல்பவள் வீட்டு வாசலில் ஒரு இலை கிடக்காது. விடியுமுன் எழுந்து, துடைப்பம் தேயத் தேயப் பெருக்குவாள். "எங்களைக் குப்பை போடச் சொல்லிட்டு நீ மட்டும் கண்ணாடியா வெச்சிருக்கியே?" என்று பக்கத்து வீட்டுக்காரி குத்துவாள். "ஏன், என் வாசல்ல சோளமா விளையுது?" என்று கேட்டுக்கொண்டே, பெருக்கிய இலையை மடியில் கட்டித் தன் கொல்லைக்குக் கொண்டுபோவாள்.

ஒனேசிமோ என்ற விவசாயியைக் கொளுத்தாமல் விதைக்கச் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. போன மழைக்கு அவன் விதைத்த சோளம் மண்ணோடு ஓடைக்குப் போயிற்று. இந்தத் தடவையும் போனால் நிலத்தை விட்டுவிட்டு நகரத்துத் தையல் ஆலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த மலையில் கொளுத்தாமல் விதைத்தவன் அவன் ஒருவன்தான். அதைக் காட்டத்தான் அடுத்த மலைக்காரர்கள் ஐந்தாறு பேரை அன்றைக்குக் கூட்டி வந்தாள்.

குவளையை வேலிக்கம்பில் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். கொல்லை முழுக்க வழித்துப் பெருக்கியிருந்தது. ஒரு சருகு இல்லை. துடைப்பத்தின் கீறல்கூடத் தெரிந்தது.

"என்ன தம்பி இது?"

"விருந்தாளிங்க வர்றாங்கன்னு சொன்னியே அக்கா" என்றான் ஒனேசிமோ. நல்ல சட்டை போட்டிருந்தான். "வர்றவங்க கண்ணுல குப்பை படலாமா? நானும் நிகோலாசாவும் ரெண்டு நாளாப் பெருக்கினோம்."

"அடப்பாவி! அவங்க பார்க்க வந்ததே அந்தக் குப்பையைத்தான்டா!"

விதை ஊன்றி நாலைந்து நாள்தான். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்து நின்றது. ஹெர்லிந்தா சுற்றுமுற்றும் தேடினாள். "வாரினதை எங்கே போட்டே? கொளுத்திட்டியா?"

அவன் தலையைச் சொறிந்தான். மனைவி நிகோலாசா முந்திக்கொண்டாள். "கொளுத்தத்தான் போனாரு. குவியல் போட்ட மூலையிலதான் என் கோழி பத்து நாளா அடை உட்கார்ந்திருக்கு. குஞ்சு பொரிக்கட்டும், அப்பறமா தீயை வையுங்கன்னு தீப்பெட்டியைப் பிடுங்கி வெச்சிட்டேன்."

"எங்கே அந்தக் கோழி? அதுக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றாள் ஹெர்லிந்தா. அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் பேச்சுக்கு நேரமில்லை. பார்க்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்குகளில் அள்ளினார்கள். சரிவுக்குக் குறுக்கே கிளைகளைப் போட்டு, அவற்றின் மேல் சருகைப் பரப்பினார்கள். "விருந்துக்கு வந்த வீட்டுல குப்பை வார வெச்சிட்டியே, ஒனேசிமோ" என்றார் ஒரு பெரியவர். "வார வைக்கலை மாமா, கொட்ட வெச்சிருக்கேன்" என்றான் அவன். கோழியைச் சுற்றி மட்டும் ஒரு கூடை அளவு சருகை விட்டுவைத்தார்கள். அது ஒரு கண்ணால் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிச் சாக்கைக் கவிழ்க்கும்போதே பெரிய துளிகள் விழுந்தன. எல்லாரும் கூரைக்கு ஓட, ஹெர்லிந்தா மட்டும் சரிவின் அடியில் ஓடையோரம் நின்றாள். ஒனேசிமோவும் போகவில்லை, நல்ல சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. போன வருடம் இந்த இடத்தில் வெல்லப்பாகு நிறத்தில் தண்ணீர் பாய்ந்ததை இரண்டு பேருமே பார்த்திருந்தார்கள். இன்றைக்கு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு விரல் அகலத்தில் ஒரு நீர்க்கோடு இறங்கி வந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

"அக்கா, தெளிவா இருக்கு" என்றான். குரல் உடைந்திருந்தது.

அவள் வேலியோரம் போய் வாழையிலையை விலக்கி, குவளையை எடுத்தாள். "அது சில்லுன்னு ஆயிருக்கும், வேற சுட வெச்சுத் தர்றேன்" என்று நிகோலாசா கூரையடியிலிருந்து கத்தினாள். மழையில் நின்றபடியே அந்த ஆறிப்போன காப்பியை ஹெர்லிந்தா ஊதி ஊதிக் குடித்தாள்.