கோர்சிகாவிலை ஆர் இருக்கினம்?

நேற்றுத்தான் கோர்சிகாத் தீவின்ர மலைப்பக்கம் சுத்திப்போட்டு வந்தம். நானும் மனுசியும், ஒரு வாடகைக் கம்பிங் வானும். எட்டு நாள் அதுக்குள்ளையே சமையல், அதுக்குள்ளையே படுக்கை.

விடியக் கதவைத் திறந்தால், றோட்டை மறிச்சு ஒரு பன்றிக் கூட்டம் படுத்திருக்கு. வேறை ஒரு சத்தமும் இல்லை. என்ர மனம் இன்னும் பாரிசுக்கு வந்து சேரேல்லை.

இண்டைக்கு பாரிசின்ர தமிழ்க் கடைத்தெரு, லா சப்பலிலை கறிவேப்பிலை வாங்கப் போனன். வழமையாப் போற கடைக்கார அண்ணை கேட்டார்: "ஆளைக் காணேல்லை. லண்டனிலை சொந்தக்காரப் பிள்ளையின்ர சாமத்தியவீடோ?"

"இல்லை அண்ணை. கோர்சிகாவுக்குப் போனனாங்கள்."

"அங்கை உங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போனனீங்கள்?"

"அதாலைதான் அண்ணை."

போனிலை படங்களைக் காட்டினன். பன்றியளை ரெண்டு விரலாலை பெரிசாக்கிப் பாத்தார். கல்லாவிலை நிண்ட தன்ர மனுசியை ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு, குரலைக் குறைச்சார்.

"அங்கை போன் வேலை செய்யுமோ?"

"மலைக்குள்ளை செய்யாது."

"வானுக்குள்ளை எத்தினை பேர் படுக்கலாம்?"

"நாலு பேர்."

கல்லாப் பக்கம் இன்னொருக்காப் பாத்தார். "நானும் இவவுமா ரெண்டு பேர் மட்டும் படுக்கிற வான் இல்லையோ?"

அண்ணையின்ர சொந்தக்காரர் ஆரும் இதை வாசிச்சால், நான் இண்டைக்கு ஒண்டும் எழுதேல்லை.