‘பட்’ என்று தொடங்கக் கூடாது

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இங்கிலீஷில் சின்னச் சொற்களை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கழுவும் கம்பெனியில் இருந்தபோது, தொட்டியின் மேன்ஹோல் வாசலில் நின்று, உள்ளே இறங்கியவர்களைக் கவனிப்பதுதான் என் டூட்டி.

ஆள் இறங்குமுன் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று மீட்டர் வேறொரு தொட்டியில் இருந்தது. சூப்பர்வைசர், உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட் காகிதத்தில் ‘பார்த்தாயிற்று’ என்று டிக் போட்டுவிட்டு, “யல்லா, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார். என் ரூமில் பக்கத்துக் கட்டில்காரர் இறங்கினார். கால் மணி நேரத்தில் அவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்தோம். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை.

மறுநாள் வாக்குமூலம் எழுத ஆபீஸில் கூப்பிட்டார்கள். நான் தமிழில் சொல்ல, மெட்ராஸ்காரரான கிளார்க் இங்கிலீஷில் டைப் செய்வார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. நல்லவேளை, அவர் மட்டும்தான் இருந்தார்.

“பெர்மிட்ல மீட்டர் வெச்சுப் பாத்ததா டிக் இருக்கு சார். ஆனா பாக்கல.”

முதல் பாதியை டைப் செய்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

“இங்கிலீஷ்ல ‘பட்’னு ஒரு சென்டென்ஸ ஆரம்பிக்கக் கூடாதுண்ணே. எங்க ஸ்கூல்ல அடிச்சே சொல்லிக் குடுத்தாங்க.”

“அப்ப வேற எப்படி சார் ஆரம்பிக்கறது?”

“ஆரம்பிக்காம விட்டுருவோம். இதுவே போதும்.”

என்னைப் பார்க்காமல், மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி சொன்னார். அந்த மொழியின் சட்டம் எனக்கென்ன தெரியும்? கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் மேனேஜரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. கடிதத்தின் இரண்டாவது பத்தியில் முதல் சொல்லுக்கு மூன்றே எழுத்து. பி, யு, டி. கூட்டிப் பார்த்ததும் அதை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். கிளார்க் தாழ்ந்த குரலில் படித்துச் சொன்னார்.

“மீட்டர் வெச்சுப் பாத்ததா நீங்களே சொல்லியிருக்கீங்க. ஆனா, வாசல்ல நின்ன நீங்க சரியா கவனிக்கல. தப்பு உங்க மேலதான்னு போட்டிருக்கு.”

“பட்ல ஆரம்பிக்கக் கூடாதுன்னீங்களே சார்?”

“அது மேனேஜர் இங்கிலீஷ்ணே.”

அவர் சிரிக்கவில்லை. ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார். மீட்டர் வைக்கவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. நான் பெயர் எழுதவேண்டிய கோட்டின்மேல் தமிழில் எழுதினேன்: ‘ஆனால் மீட்டர் வைக்கவில்லை.’

அவர் அதை இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“அண்ணே, உங்க பாஸ்போர்ட் இந்த பீரோலதான் இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?”

காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு விசையைத் தட்டினார். பிரின்டர் அதே கடிதத்தை மறுபடி அடிக்கத் தொடங்கியது.