அம்மாவுக்கு எழுதிய வரிகள் ஊராருக்குப் போன கதை

கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் பஸ் கெலிஓயாவுக்குச் சற்று முன்னால் நெரிசலில் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெள்ளைக்கொடி கட்டிய ஒரு சாவு வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்கியது. மீசை வைத்த ஒரு பெரியவரின் படம். இளைப்பாறிய பஸ் சாரதி என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தது. அதற்கும் கீழே, என் அம்மாவுக்கு நான் எழுதிய கவிதை. "கூடையை இறக்கி வைத்தாய், கொழுந்தெல்லாம் காத்திருக்க" என்று தொடங்குவது. அந்த மனுஷன் ஆயுள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவருக்கு எதற்குக் கொழுந்து?

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டிலும் ஆபீஸிலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது.

அம்மா நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்ற பிறகும், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு விடியலில் மணி அடிக்கும் முன்பே போய்விட்டார். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் இருந்த எனக்குத் தம்பி போன் பண்ணினான். நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது மறுபடியும் கூப்பிட்டு, "கெலிஓயா நானா கடையில பேனர் அடிக்கிறாங்க. என்ன எழுதணும்னு கேக்குறாரு, நீ சொல்லுக்கா" என்றான். போனில் தட்டி அனுப்பினேன்:

கூடையை இறக்கி வைத்தாய்
கொழுந்தெல்லாம் காத்திருக்க
பெரட்டு மணி அடிக்குமுன்னே
பேசாமல் போனாய் அம்மா
நீ ஏறி இறங்கிய மலை
நின்று உன்னைத் தேடுதம்மா

பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொள்ளி வைத்தது தம்பி. தோள் கொடுத்தது மாமன் மச்சான்மார். நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை, எங்கள் வழக்கம் அப்படி. மகள் என்று நான் அம்மாவுக்குச் செய்தது அந்தக் கவிதை ஒன்றுதான்.

அது என் கையை விட்டுப் போயிருந்தது. தேடிப் பார்த்தபோதுதான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. யார் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இருந்தது. அழுகிற கண்ணும் மெழுகுவர்த்தியும் சேர்த்துப் பாட்டாக்கி ஒருவர் வீடியோ போட்டிருந்தார். முகநூலில் ஒருவர் ஒரு ரோஜாப்பூ வைத்து, அடியில் கவிஞர் என்று தன் பெயரையே போட்டுக்கொண்டார். "இது என் அம்மாவுக்கு நான் எழுதியது" என்று கீழே எழுதினேன். என்னைத் தடைசெய்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை, தீரப்போவதுமில்லை. துக்கத்தில் எடுத்தவர்கள் வேறு, பேர் வாங்க எடுத்தவர் வேறு. ஆனால் அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் புரியவில்லை. எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டினேன்.

நேராக நானாவின் அச்சுக்கடைக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்து, நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, மவுத்து வீட்டு ஆக்கள் அழுதுகொண்டு வந்து நிப்பாங்க. என்ன போடன்டு கேட்டா, நல்லதா ஒன்டு போடுங்க நானா எண்டுதான் சொல்லுவாங்க. என்ட கம்ப்யூட்டர்ல ஈக்கிறதுல நல்லது உங்கடதுதான்."

"அதுக்காக பஸ் ஓட்டினவருக்குக் கொழுந்தா நானா?"

"அம்மாவ அப்பான்டு மாத்தினேனே."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எழுதியவள் பெயர் போடாமல் எழுத்தை எடுக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். அவர் யோசித்தார். "அது ஞாயம்தான். இனி உங்கட பேர் இல்லாம இது வெளிய போகாது" என்றார். நல்ல மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வினையே அதில்தான் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினார். குரல் கரகரத்திருந்தது. "அக்கா, நீங்க எங்க அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

தவறான அழைப்பு என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. கம்பளை ரோட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு முதலாளி இறந்துபோய், முதல் நாள்தான் அடக்கம் நடந்திருக்கிறது. நானா அந்தக் கவிதையைப் போட்டு, அடியில் மறக்காமல் என் பெயரையும் அம்பிட்டிய என்று ஊரையும் போட்டிருக்கிறார். எங்கள் பேனர்களில் அடியில் பெயர் வருவது துயரப்படுகிற சொந்தங்களுக்குத்தான். மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அதற்குக் கீழே அம்பிட்டியவிலிருந்து ஒரு பெண். வேறென்ன நினைப்பார்கள்? அடக்கம் முடிவதற்குள் முதலாளிக்கு அம்பிட்டியவில் இன்னொரு வீடு இருந்ததாக ஊரில் கதை கட்டியாகிவிட்டது. நானாவிடம் என் நம்பரை வாங்கிய மகளுக்கு, அவர் சொன்ன விளக்கத்தை நம்ப மனம் வரவில்லை.

தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கவிதை திருடு போச்சுன்னு கத்துனியேக்கா. இப்ப வசதியான அப்பா ஒருத்தரு கெடைச்சிருக்காரு பாரு."

எனக்குச் சிரிக்க முடியவில்லை. என் பெயரால் ஒரு அம்மா தன் புருஷனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு என்னை விடவில்லை. லீவு போட்டுவிட்டு மறுநாளே போனேன்.

மகள்தான் கதவைத் திறந்தார். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா "வாங்க" என்றார். என் மூக்கைப் பார்த்தார். பிறகு மாலை போட்ட படத்தைப் பார்த்தார். மறுபடி என் காதைப் பார்த்தார். நான் அவசர அவசரமாகப் போனை எடுத்து, என் அம்மாவின் பேனரைப் பிடித்த படத்தைக் காட்டினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழே இருந்த வரிகளை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். முடித்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். சிரித்தார். அப்புறம் அழுதார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "அப்ப இது உங்கம்மாவுக்கு எழுதுனதா? கேக்காம எடுத்துக்கிட்டோமேம்மா."

"நீங்க எடுக்கலம்மா, கடையில போட்டதுதானே."

"தொங்குனது எங்க வாசல்லதான. தப்பா நெனைக்காதீங்க."

பேச்சை மாற்றுவதற்காக, கொழுந்து, கூடை எல்லாம் முதலாளிக்குப் பொருந்தவில்லை, வேண்டுமென்றால் வேறு எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்மா. அவரு தோட்டத்து லயத்துல பொறந்தவரு. சாயங்காலம் அவங்கம்மா மலையிலருந்து வந்தா, கூடைய எறக்கி வைக்க ஓடிப்போவாராம். டவுனுக்கு வந்தப்பறம் அத யாருகிட்டயும் சொல்லமாட்டாரு. எங்கிட்ட மட்டும் சொல்லுவாரு." கொஞ்சம் தயங்கினார். "ஒன்னு கேக்கவா? முப்பத்தோராம் நாள் பேனர்லயும் இதையே போட்டுக்கவா? நீங்க வேணாம்னா விட்டுர்றோம்."

நானா என்னைக் கேட்கவில்லை. வீடியோ போட்டவர் கேட்கவில்லை. முகநூல் கவிஞர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர் இவர் ஒருவர், அதுவும் தாலி இறங்கிய வீட்டில் பாயில் உட்கார்ந்துகொண்டு. அந்த அம்மாவுக்கு நான் பட்ட நன்றிக்கடனை அவர் அறியமாட்டார். தலையை ஆட்டினேன்.

அவருக்கு அது போதவில்லை. வாயால் சொல்லவேண்டும் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கங்கம்மா" என்றேன். "எங்கம்மா ஒன்னும் சொல்லமாட்டாங்க."