எங்கள் வீட்டுக்கு நான் போட்ட விலை

அடுத்தவர் வீட்டுக்குள் போய், சுவரைத் தட்டிப் பார்த்து, 'இது இவ்வளவுதான் தேறும்' என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதுதான் எங்கள் தொழில். அதற்கும் மூன்று வருஷப் பட்டப்படிப்பு உண்டு. நிலம், கட்டடம், அவற்றின் மதிப்பு, விற்பது வாங்குவது என்று எண்பதுகளின் கடைசியில் நானும் ஒரு பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தேன். இந்தப் படிப்பில் தெரியாத்தனமாகக் காலை விட்டுவிட்டு, 'படிச்சு என்ன ஆகப் போற?' என்ற கேள்விக்கு இன்னும் முழித்துக்கொண்டிருக்கும் சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

ஊடு காட்டும் படிப்பு

ஏற்காட்டில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, மளிகைக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டும் வாடகைதான். முதல் லீவுக்கு நான் வந்தபோது, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அத்தா என் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து கூசிப் போனேன். டாக்டருக்குப் படிக்கிறாள், டீச்சருக்குப் படிக்கிறாள் என்றால் சட்டென்று புரியும். இதை என்னவென்று சொல்வது?

மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் தீப்பெட்டி வாங்க வந்தார். அத்தா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "ஏனுங்க பாய், ஊடு காட்டி உடறதுக்கெல்லாம் காலேஜு எதுக்குங்க? எம்மச்சான் மூணாங்கிளாசோட நின்னவன், சேலத்துல பாதி ஊட்டை அவந்தான் காட்டி உட்டான்."

மாரமங்கலத்துப் பலா

இரண்டாம் வருஷம் களப்பயிற்சி. ஏதாவது ஒரு நிலத்தை அளந்து மதிப்புப் போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மாரமங்கலத்தில் அத்தாவின் கடைக்கு மிளகு கொண்டுவந்து போடும் விவசாயி ஒருவர், தன் காட்டை அளந்துகொள்ளச் சொன்னார். டேப்பும் நோட்டுமாகப் போய் இறங்கினேன். காப்பிச் செடி எத்தனை, மிளகுக் கொடி எத்தனை, ஆரஞ்சு எத்தனை என்று எண்ணிக்கொண்டே போனேன். மண்ணில் வேர் விட்டதெல்லாம் மண்ணுக்குச் சொந்தக்காரருக்குச் சேர்ந்தது என்று பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன்.

நடுக்காட்டில் பெரிய பலா ஒன்று நின்றது. அதை எழுதப் போனபோதுதான் தடுத்தார். மரம் அவருடையது இல்லையாம். தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் அப்பா சீராகக் கொடுத்தது. நிலம் அண்ணனுக்கு, அதில் நிற்கும் மரம் தங்கச்சிக்கு. பத்திரம் எதிலும் இது இல்லை. நிலத்தை விற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "ஆரு வாங்குனாலும் அவளைக் கூப்புட்டுத்தான் பழம் பறிக்கோணும், அந்த மரத்தை உட்டுப்போட்டு எழுதிக்குங்க கண்ணு."

டேப்பின் மறுமுனை

மூன்றாம் வருஷம்தான் தலையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர், எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ரைட்டர் ஐயா. பெங்களூரில் இருக்கும் மகன் அவரைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டான். வீட்டை விற்றாக வேண்டும். "மொதல்ல உங்களுக்குத்தான் பாய். என்ன வெலைன்னு நம்ம நூரு படிச்ச படிப்பை வெச்சு அதே சொல்லட்டும்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தாவிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் விலை வந்தால் வீடும் கடையும் எங்களுக்கு. மேலே போனால் இரண்டும் போச்சு.

அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அடுப்படி வரைக்கும் அளந்தேன். மதிப்புப் போட இரண்டு வழி உண்டு. வருகிற வாடகையை வைத்துப் போடுவது ஒன்று. ரைட்டர் ஐயா வாடகையை ஏற்றியதே இல்லை, அந்த வழியில் போனால் விலை தரைமட்டத்துக்கு வந்துவிடும். பாய் மகள் அப்பனுக்காகக் குறைத்து எழுதிவிட்டாள் என்று ஊர் பேசுமே என்று பயந்தேன். அதனால் காலி வீடாகக் கணக்கிட்டு, மண்ணுக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, ஓட்டுக்கு இவ்வளவு என்று போட்டேன். எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ரைட்டர் ஐயாவுக்கு ஒரு நகல், அந்த வருஷப் பயிற்சி அறிக்கையாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகல்.

அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தார். என்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். "நொம்ப நேர்மையா எழுதியிருக்கற கண்ணு. பக்கத்துல கொட்டச்சேட்டுல ஒரு கடை காலியாக் கெடக்குதாம், அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லிப்போடாத."

சிவப்பு மை

ஹாஸ்டலுக்குத் திரும்பியும் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அறிக்கை திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்பு மை. 'ஒரு குடும்பம் இருபத்தாறு வருஷமாக இங்கே இருப்பதாக முதல் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். மதிப்புப் போடும்போது அவர்களை எங்கே துரத்தினாய்? குடித்தனம் இருக்கும் வீட்டுக்குக் காலி வீட்டின் விலை எப்படி வரும்?'

பாரபட்சம் பார்த்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எங்களையே அழித்துவிட்டு எழுதியிருக்கிறேன். பேராசிரியரின் அறைக்குப் போய், அது நான் பிறந்த வீடு என்று சொன்னேன். அறிக்கையை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "அப்ப உனக்குத்தானே முதல்ல தெரிஞ்சிருக்கணும், அங்க ஆள் இருக்காங்கன்னு" என்றார்.

மூன்று சோப்பு

குடியிருப்பவர்களையும் கணக்கில் சேர்த்துத் திருத்தி எழுதியதில் விலை அத்தாவின் கைக்கு எட்டியது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். வீட்டைப் பார்க்கச் சேலத்திலிருந்து ஆள் வந்துபோனதாக அம்மா கடிதம் எழுதியிருந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ரைட்டர் ஐயாவிடம் போனேன். "தப்புப் பண்ணிட்டேனுங்க ஐயா. இப்பக் கொறைச்சுக்கிட்டு வந்தா, அத்தாவுக்காகன்னுதான் நெனைப்பீங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கடைசி வரி வரை படித்தார். சேலத்துக்காரர் என் பழைய விலைக்கே ஒத்துக்கொண்டாராம். ஆனால் வீடு காலியாக வேண்டுமாம். மகனும் சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதமாம். "காலி பண்ணுங்கன்னு சொல்ல உங்கத்தாகிட்ட மூணு தடவை போனேன் சாமி, மூணு தடவையும் சோப்பு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். இதைப் பையனுக்கு அனுப்பறேன், எம்பேச்சைக் கேக்காட்டியும் படிச்சவங்க எழுதுனதைக் கேப்பான்."

மகன் முணுமுணுத்துக்கொண்டே கேட்டான், பத்திரம் அத்தா பெயருக்கு வந்தது, அன்றைக்கு அத்தா கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அறிக்கைக்கு வகுப்பிலேயே கடைசி மார்க் வாங்கியவள் நான்தான், ஆனால் அந்த வருஷம் தானே விலை போட்ட சொந்த வீட்டுக்கு லீவுக்குப் போனவளும் நான் ஒருத்திதான்.