தொழுவத்தில் வைத்த டிரம்

மேலகரம் பால்வண்ணநாதன் கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டைக்கு ரசீது போடும் குமாஸ்தா. ஆளும் குமாஸ்தா அளவுதான், சம்பளமும் குமாஸ்தா அளவுதான். பாட்டுக் கிறுக்கு மட்டும் அந்த அளவில் அடங்கவில்லை. காலையில் கிணற்றடியில் நின்று பாடினால் ஊரில் பாதிப் பேர் கோழி கூவும் முன்னே விழித்துக்கொள்வார்கள். மீதிப் பாதி காதைப் பொத்திக்கொண்டு கோவிலுக்குப் போவார்கள். அதனால் ஊரில் பக்தி வளர்ந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு.

எண்பத்து மூன்றில் அவன் ஒரு ராக் இசைக்குழு ஆரம்பித்தான். குழு என்றால் மூன்று பேர். பாட்டு அவன். கிடார் மசூது. துபாயில் இருந்த அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கிடாரை, வீட்டுப் பழைய ரேடியோவின் பின்னால் வயரைச் சொருகி அலறவிடுவான். டிரம் ஞானதுரை. பள்ளிக்கூடத்தில் பால்வண்ணத்தோடு ஒரே பெஞ்சு. இப்போது புளியங்குடியில் எலுமிச்சை லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். சர்ச் பேண்டுக்காரர்கள் கழித்துப் போட்ட டிரம்கள் இரண்டும் ஒரு பித்தளைத் தாம்பாளமும் அவன் சொத்து. அவன் அடித்தால் குற்றாலத்து அருவியே ஒரு கணம் நின்று தாளம் பிடித்துக்கொண்டு விழும். நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஞானதுரையின் அப்பா பெயர் கடற்கரை. சாவு விழுந்த துட்டி வீடுகளில் கொட்டு அடிப்பவர். பால்வண்ணம் குடியிருந்த மேலத்தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் அவர் கால் வைத்தது கிடையாது. மகன் மட்டும் பால்வண்ணம் வீட்டுக் கூடத்தில், நட்ட நடுவில், பாயை விரித்து டிரம்மை வைத்து அடித்தான். அதைத் தன் தெருவில் எல்லாரிடமும் சொல்லி மாய்ந்தான்.

அந்தப் பங்குனியில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் மானேஜர் ஒரு வாக்குக் கொடுத்தார். சாரல் சீசன் முழுக்கச் சாயங்காலம் அங்கே வாசிக்கலாம். முதலில் ஒரு கேசட் கொடுக்க வேண்டும், முதலாளி கேட்க வேண்டும். மசூதின் வாப்பா இதைக் கேட்டுவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்:

“சீசன் வேலை கெடைச்சா இரு. கெடைக்கலேன்னா அண்ணன்கிட்ட விசாவுக்குச் சொல்லிருவேன். பெட்டியக் கட்டு.”

ஆக, குழுவின் உயிர் அந்தக் கேசட்டில் இருந்தது.

மசூதின் அண்ணன் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைக் கூடத்து நடுவில் ஸ்டூல்மேல் வைத்து முதல் பாட்டைப் பதிந்தார்கள். போட்டுக் கேட்டால் டிரம்மும் தாம்பாளமும்தான் இருந்தன. கிடார் தகரத்தை அறுத்தது. பால்வண்ணத்தின் குரல் கிணற்றுக்குள் விழுந்தவன் குரல்போல எங்கோ அடியில் கிடந்தது. மேலகரத்துக் காக்கைகள் அன்று மத்தியானமே குடும்பத்தோடு செங்கோட்டைப் பக்கம் போனதாகக் கேள்வி.

பால்வண்ணத்தின் அக்கா சொக்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னலே இது? எல்லாரும் ஒரே நேரத்துல சோத்துப் பானைக்குள்ள கையவிட்ட மாதிரி இருக்கு. ஒருத்தனுக்கும் ஒரு வாய் கெடைக்கல.”

பால்வண்ணத்துக்கு ரோஷம் வந்தது. மசூதிடம் இருந்த வெளிநாட்டுக் கேசட் ஒன்றை வாங்கிவந்து, அதையும் தன் கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். அதில் பாடுகிறவன் காதருகில் நின்றான். கிடார் ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. டிரம் பின்னால் இருந்து எல்லாரையும் தாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ‘சத்தத்தைக் கூட்ட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும்’ என்று கண்டுபிடித்துவிட்டான். அதுவரைக்கும் அவன் புத்திசாலிதான்.

கிடார் ரேடியோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, மேலே கம்பளியைப் போர்த்தினார்கள். அறுக்கிற சத்தம் அடங்கியது. சுவரோரம் மெத்தையைச் சாய்த்தார்கள். எதிரொலி குறைந்தது. பால்வண்ணம் ஸ்டூலை ஒட்டி நின்றுகொண்டான். டிரம்தான் அடங்கவில்லை. கூடத்து மூலைக்குத் தள்ளினார்கள். பிறகு முற்றத்துக்கு. பிறகு அடுப்படி வாசலுக்கு.

“இன்னும் தள்ளுனா அச்சன்புதூர்ல போயித்தான்லே உக்காரணும். பஸ்ஸுக்குத் துட்டக் குடு” என்று ஞானதுரை சிரித்தான்.

கடைசியில் கொல்லைப்புறத் தொழுவத்துக்குப் போனது. அப்போது அவன் சிரிக்கவில்லை.

“ஏ வண்ணம், நான் உள்ளயே இருந்து மெதுவா அடிக்கேனே. டிரம் மேல சாக்கக்கூடப் போட்டுக்கிடுதேன்.”

“மெதுவா அடிச்சா அதுல உயிர் இருக்காதுலே. நீ ஓங்கி அடி. தூரம் மட்டும் இருக்கட்டும்.”

ஞானதுரை பசுவைப் பார்த்தான். பசு அவனைப் பார்த்தது. டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, சொக்கம்மாள் வாசலில் நின்று துண்டை வீசுவாள். அந்த வீச்சுக்கு அவன் அடிப்பான். அந்தப் பசு அன்றிலிருந்து பால் கறக்கும்போது தாளம் தப்பாமல் நாலு நாலாகத்தான் பீய்ச்சியது என்பாள் சொக்கம்மாள்.

பாட்டு அமைந்துவிட்டது. போட்டுக் கேட்டார்கள். குரல் முன்னால், கிடார் பக்கத்தில், அடியில் எங்கோ ஒரு நெஞ்சு துடிப்பதுபோல டிரம். மசூது பால்வண்ணத்தைத் தூக்கிச் சுற்றினான். “இன்னும் ஒரு பாட்டு, அதே இடத்துல” என்று பால்வண்ணம் கத்தினான். ஞானதுரை திரும்பவும் தொழுவத்துக்குப் போனான். சொக்கம்மாள் காப்பி போட்டு இரண்டு பேருக்கு உள்ளேயும், ஒருவனுக்குத் தொழுவத்துத் திட்டிலும் வைத்தாள். அவள் மனதில் ஒன்றும் கிடையாது. அவன் இருந்த இடத்தில் வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து, லாரி வந்துவிட்டது என்று மகனைக் கூப்பிட வந்தார் கடற்கரை. வழக்கம்போலக் கொல்லைப்புறச் சந்து வழியாக. சாணிக்குப் பக்கத்தில் டிரம்மோடு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். திட்டில் ஆறிக்கொண்டிருந்த காப்பியைப் பார்த்தார்.

“நடு வீட்டுல உக்காத்தி வச்சிருக்காவன்னு சொன்னியேலே. இதுதான் நடு வீடா?”

“அது சத்தத்துக்காகப்பா. உள்ள இருந்தா மத்த சத்தத்த முழுங்கிருதாம்.”

“சரி. எந்திரி.”

வாசலுக்கு ஓடிவந்த பால்வண்ணம் டேப் ரிக்கார்டரின் மைக்கைப் பற்றியும் தூரத்தைப் பற்றியும் என்னென்னவோ சொன்னான். சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் தொழுவத்து வாசலில் நின்றுகொண்டு அந்த உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஞானதுரை டிரம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாவின் பின்னால் சந்தில் இறங்கிப் போனான்.

பதிந்த பாட்டோடு கேசட் லாட்ஜுக்குப் போனது. முதலாளிக்குப் பிடித்துவிட்டது. “இவ்வளவு சுத்தமாப் பதிஞ்சிருக்காங்களே, யாருடா இவங்க?” என்று கேட்டாராம். மூன்று பேரும் ஆனி பிறந்ததும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பால்வண்ணமும் மசூதும் லாட்ஜிலிருந்து கேசட்டைத் திரும்ப வாங்கி, டேப் ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஞானதுரை வீட்டுக்குப் போனார்கள். கடற்கரை கட்டிலை இழுத்துப் போட்டார்.

“வாங்க தம்பி. இங்கன உக்காருங்க.”

கேசட்டைக் கேட்டால் மனம் மாறிவிடும் என்பது பால்வண்ணத்தின் நம்பிக்கை. போட்டான். கடற்கரை தலையைக் குனிந்தபடி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. தெருக்கோடியில நின்னு நான் அடிக்கையில உங்க வீட்டுக்குள்ள இப்படித்தான் கேக்குமாக்கும். இத்தன வருஷமா எனக்குத் தெரியாது.”

மசூது தரையைப் பார்த்தான். ஞானதுரை கதவு நிலையில் சாய்ந்திருந்தான்.

“வண்ணம், கேசட்ட விடு. லாட்ஜு மேடையில என்னய எங்கன உக்காத்துவ?”

“மேடையிலயா? எங்க கூடத்தாம்லே. என்ன பேச்சு பேசுத? எங்க கூடத்தான்… கொஞ்சம் பின்னால.”

உலகத்தில் எந்த மேடையிலும் டிரம் பின்னால்தான் இருக்கும். ஞானதுரைக்கும் அது தெரியும். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“போயிட்டு வாங்கலே. நான் லாரிக்குப் போகணும்.”

“நான் வேணா தொழுவத்துல நிக்கேன். நீ நடுவுல உக்காரு. புதுசாப் பதிவோம்” என்றான் பால்வண்ணம். ஞானதுரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குக் கிளம்பினான்.

சீசனுக்கு லாட்ஜில் மதுரை ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வந்தது. ஆடி முடிவதற்குள் மசூது துபாய்க்கு விமானம் ஏறினான். ஞானதுரை புளியங்குடியிலேயே தங்கிவிட்டான். சந்தையில் பால்வண்ணத்தைப் பார்த்தால் ஒரு தலையாட்டல் உண்டு. அதற்கு மேல் கிடையாது.

அதன்பிறகு பால்வண்ணம் பாடவில்லை. அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு வேறு ஒரு வேலையில் இறங்கினான். டிரம்மை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை. மசூது விட்டுப்போன டேப் ரிக்கார்டர் போதாமல், கடன் வாங்கி இன்னொன்றும் வாங்கினான். ஒன்றில் ஓடவிட்டு, தடித்த சத்தத்தைக் கூட்டி, மெல்லிய சத்தத்தைக் குறைத்து, மற்றதில் பதிவான். அதை எடுத்துத் திரும்ப முதலாவதில் பதிவான். டிரம்மோடு சேர்ந்து கூடத்துக் காற்றும் பசுவின் மூச்சும் உயர்ந்தன. டிரம் மட்டும் தொழுவத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. தூரத்தில் பதிந்ததைப் பக்கத்தில் கொண்டுவர எந்தப் பொத்தானும் இல்லை. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறியது, பாட்டு தேய்ந்தது. கலியாணப் பேச்சு வந்தது, போனது. சங்கத்தில் மற்றவர்களுக்குப் பதவி உயர்ந்தது. அவன் நகல் எடுத்துக்கொண்டே இருந்தான்.

எண்பத்தெட்டு வாக்கில், சுள்ளென்று வெயில் அடித்த ஒரு மத்தியானம், புதிய நகலைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் காதை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் இருந்த சொக்கம்மாளுக்கு அந்த இரைச்சல் கேட்டது. சாரல் இறங்கிவிட்டது என்று நினைத்து, கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டுவரக் கொல்லைக்கு ஓடினாள்.